வலிக்கு ஓர் எண்

மரதன் ஓட்டத்துக்கு இருபத்திரண்டு நாள் இருக்கையில் நான் ஒருவனின் மணிக்கட்டை உடைத்தேன்.

எனக்கு வயது ஐம்பத்தொன்று. நில அளவை என் தொழில்; ஊரில் இளையவர்கள் என்னை 'நானா', அண்ணன், என்பார்கள். அளக்காத எதையும் நம்புவதில்லை. ஓடிய தூரம், எடுத்த நேரம், குடித்த தண்ணீர், வலி எல்லாம் கொப்பியில் இருக்கும். வலிக்குப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண். அது மனைவியின் ஏற்பாடு. போன வருடம் முழங்கால் வலியை மறைத்து ஓடி, முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில் விழுந்து, அம்புலன்ஸில் ஏற்றப்பட்டேன். "கடைசியா ஒருக்கா விடுறன். ஐஞ்சுக்கு மேல எழுதினா போறேல்ல. பொய் எழுதினாலும் போறேல்ல," என்றாள். ஒவ்வொரு மாலையும் கொப்பியை வாசித்தாள்.

அன்று சுபஹு தொழுதுவிட்டு முப்பது கிலோமீற்றர் ஓடப் புறப்பட்டேன். எத்தாளைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் விடிந்ததும் மருந்தடிப்பார்கள். முந்திய வாரம் அந்த நெடியில் இருமி நான்கு நிமிடம் வீணாகியிருந்தது. ஆகவே கண் மட்டும் தெரிய முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டேன். நாய்களுக்காகக் கையில் ஒரு முழ இரும்புக் குழாய் இருந்தது. அந்த வாரம் மட்டும் இரண்டு நாய்களின் முதுகில் போட்டிருந்தேன். வீதியில் லொறிகள் வரிசையாக வரவே, தோட்டத்து வரம்பில் இறங்கி ஓடினேன். அங்கே தண்ணி மோட்டர் களவு போய், ஆட்கள் காவலிருந்தது எனக்குத் தெரியாது.

முகத்தை மூடி, கையில் இரும்போடு ஓடுகிறவனை அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

"மோட்டர்க் கள்ளன்! புடிடா!"

மண்வெட்டிப் பிடி விலாவில் விழுந்தது. வெங்காயத் தாளுக்குள் குப்புற விழுந்தேன். மூன்று பேர். உதைகளையும் சேர்த்துப் பதினொன்று எண்ணினேன். வாய்க்குள் மண்ணும் இரத்தமும்.

"நான் ஓட்டக்காரன்!" என்று கத்தினேன்.

"ஓம், பாத்தம்தானே நீ ஓடினத!" என்று ஒருவன் சிரித்துக்கொண்டே வயிற்றில் உதைத்தான்.

குழாய் இன்னும் கையில் இருந்தது. எழும்பும்போதே வீசினேன். மண்வெட்டிப் பிடி வைத்திருந்தவனின் வலது மணிக்கட்டில் பட்டு, காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவன் பிடியைப் போட்டுவிட்டு, கையை நெஞ்சோடு அணைத்தபடி முழங்காலில் விழுந்தான். என் முகத்துத் துணி அவிழ்ந்தது. "டேய், இது காணி அளக்கிற நானாடா," என்று மற்றொருவன் பின்வாங்கினான்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் அடித்தேன், முழங்காலில் இருந்தவனின் தோளில். அந்த இரண்டும் எனக்கு ருசித்தன.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவனுக்கு வெங்காயம் பிடுங்க இரண்டு கிழமைதான் இருந்தது. பொலிஸ்காரர் எத்தனை தரம் அடித்தாய் என்று கேட்டார்.

"ஒருக்கா. தப்புறதுக்கு," என்றேன்.

அவன் காயாத பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். முறைப்பாடு வேண்டாமென்று இருவரும் கையெழுத்து வைத்தோம், அவன் இடக்கையால். எனக்கு எலும்பு உடையவில்லை, கண்டல்தான் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து எழுதினேன்: வாங்கியது பதினொன்று, கொடுத்தது ஒன்று, வலி நான்கு.

மூச்சை இழுத்தால் விலாவுக்குள் கத்தி திரும்பியது. அடுத்த நாளும் நான்கு என்றே எழுதினேன். பிறகு மூன்று. மனைவி வாசித்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தாள்.

பந்தயத்துக்கு ஆறு நாள் இருக்க, குழாயும் துணியும் இல்லாமல் அதே வீதியால் ஓடினேன். அவன் வரம்பில் நின்று, கூலியாட்கள் வெங்காயம் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இடக்கையை உயர்த்தி மூன்று விரல் காட்டினான்.

கையிலிருந்த மணிக்கூட்டை நிறுத்தினேன். ஓட்டத்தின் நடுவே அதுவரை நான் அதை நிறுத்தியதேயில்லை.

"ஓம். மூணு," என்றேன்.

"எனக்குத் தெரியும் நானா. உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் பாத்தன்."

மாப்புக் கேட்டேன். "கை பொருந்தினாப் பிறகு வந்து கேளுங்க," என்று திரும்பிக்கொண்டான்.

வீட்டில் கொப்பியை விரித்து, ஒன்றை வெட்டி மூன்று என்று எழுதினேன். அதன் பிறகு வலி எண்களை அப்படியே விட முடியவில்லை. ஒவ்வொன்றாக வெட்டி மாற்றினேன். எட்டு, எட்டு, ஏழு. அன்றைக்கு ஆறு.

மாலையில் மனைவி, நான் வெட்டிய இடங்களின் மேல் விரல் வைத்துக்கொண்டே வந்தாள்.

"மத்த ரெண்டும் எப்ப அடிச்சது?"

"அவன் கீழ விழுந்தாப் பிறகு."

அவள் கதிரையில் ஏறி, என் சப்பாத்துகளை அலுமாரிக்கு மேலே சுவரோடு தள்ளி வைத்தாள்.

பந்தய நாளுக்கும் ஒரு பக்கம் எழுதினேன். தூரம் பூச்சியம். வலி அன்று ஐந்துதான்.