தொட்டாச்சு, நகத்து

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனேன். எட்டு வயது இளைய தங்கச்சிதான் பள்ளிக்கூடத்திலிருந்து செஸ்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எதிரில் உட்கார அவளுக்கு ஆள் வேண்டும். நான்தான் இருந்தேன். அவளே சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு விதியை மட்டும் விடமாட்டாள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். நான் யானையைத் தொட்டுவிட்டுக் குதிரைக்குப் போவேன்.

"தொட்டாச்சுக்கா. நகத்து."

"சும்மா கை பட்டுருச்சுடி."

"பழத்தைத் தொடாம காம்பைப் பிடிச்சு வெட்டத் தெரியுதுல்ல? இங்கன மட்டும் கை என்ன துறுதுறுங்குது?"

அது சரிதான். குலையைக் காம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் பட்டால் பழத்தின் மேலிருக்கும் வெள்ளைப் பூச்சு போய்விடும். தடம் அப்படியே நிற்கும்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு நான் அவளை ஜெயித்ததே இல்லை. சென்னைக்குப் போனாள், டில்லிக்குப் போனாள், கிராண்ட்மாஸ்டர் ஆனாள். கூட வேலை பார்க்கும் மதினி கேட்டாள்: "பஸ் ஸ்டாப்புல ஒன் தங்கச்சி படம் போட்டு பிளக்ஸ் வச்சிருக்காக. மாஸ்டருன்னா டான்ஸ் மாஸ்டரா? அவ ஆடி நான் பாத்ததே இல்லையே."

"உக்காந்தே ஆடுவா மதினி" என்றேன்.

பிறகு வெளிநாட்டில் ஒரு செஸ் கிளப் அவளைக் கூப்பிட்டது. அங்கேயே தங்கி ஆட வேண்டும். திராட்சைப் பந்தலுக்கடியில் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். தேடி வந்து நின்றாள்.

"போகவாக்கா?"

"டிக்கெட் போட்டாச்சா?"

கொஞ்சம் நின்று, "போட்டாச்சு" என்றாள்.

போகாதே என்றுதான் வாய்வரை வந்தது. "தொட்டாச்சுல்ல, நகத்து" என்றேன். வேடிக்கைபோலத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் போய் ஏழு வருஷம் ஆகிறது. இரண்டு முறை வந்துபோனாள். ஞாயிற்றுக்கிழமை பலகையை விரிப்பேன். ஒரு காய் நகர்த்துவேன். எதிர்ப்பக்கம் பார்ப்பேன். மடித்து வைத்துவிடுவேன். இப்போது யானையைத் தொட்டுவிட்டுக் குதிரையை நகர்த்தினாலும் கேட்க ஆளில்லை. நகர்த்துவதில்லை.

அவள் ஆடும் நாளில் வேலை முடிந்ததும் போனில் ஆட்டப் பட்டியலைத் திறப்பேன். இங்கிலீஷ் வராது. பக்கத்தில் இருக்கும் நம்ம தேசக்கொடியை வைத்துத்தான் அவள் பெயரைக் கண்டுபிடிப்பேன். போன மாசம் தேடினேன். கொடி இருந்த இடத்திலெல்லாம் வேறு யாரோ இருந்தார்கள். உடம்புக்கு ஏதோ என்று பயந்தேன். மறுநாள் மத்தியானம் தோட்டத்திலிருந்தே போன் செய்தேன்.

"ஏண்டி, ஆட்டத்துக்குப் போகலையா?"

"போனேனேக்கா. ஜெயிச்சேன்."

"காணலையே."

"கொடி மாறிருச்சுக்கா. இனிமே இந்த நாட்டுக்குத்தான் ஆடுறேன்."

இனி இங்கே திரும்பி வந்து இருக்கமாட்டாள் என்று விளங்கியது. அதுவரை விளங்கவில்லை. "தொட்டாச்சு" என்றேன்.

பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு நான் டிக்கெட் போடலக்கா. நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் போட்டாச்சுன்னேன்."

பந்தலுக்குள் ஆட்கள் கூடையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டியாடி?" என்றேன்.

"சாப்ட்டேன்க்கா."

போனை மடியில் செருகினேன். கத்தரியை எடுத்தேன். நன்றாக முற்றிய குலை. உள்ளங்கையில் முழுதாகப் பிடித்துவிட்டேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதைக் கூடையில் போடவில்லை.