தெரியாமப் பட்டுடுச்சு

போன வாரம் விழுப்புரத்துல, மருந்துக்கடை வாசல்ல என் ஸ்கூட்டியை நிறுத்திட்டு அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக்கிட்டிருந்தேன். பின்னால தடால்னு ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தா என் வண்டி கீழே கிடக்குது, பெட்ரோல் சொட்டுது. ஒரு காலேஜ் பையன் தன் பைக்கைப் பின்னால எடுக்கறப்போ இடிச்சிட்டான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், திட்டறதுக்குத் திறந்தும்விட்டேன். அதுக்குள்ள அவனே ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான்.

"சாரிக்கா, தெரியாமப் பட்டுடுச்சு."

என் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "அக்கா, கால்ல எங்கியாவது பட்டுச்சா?"ன்னு பதறிட்டான் பாவம். இல்லப்பா, நீ கிளம்புன்னு அனுப்பிவெச்சேன்.

பெட்ரோல் வாசனைன்னா எனக்கு எங்க சவரி அண்ணன்தான். செகண்ட் ஹேண்ட்ல ஒரு சிவப்பு பைக் வாங்குச்சு. எங்க சர்ச்சு சாமியார் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. டேங்க் மேல மாதா ஸ்டிக்கர் ஒட்டுனது நான், அதுவும் கோணலா. எங்க காலனி முனைக்கு வந்ததும் அண்ணன் ஹாரனை நீட்டி ஒரு அழுத்து அழுத்தும். அது கேட்டதும் அம்மா தட்டுல சோறு போட்டுடும். கை கழுவிட்டு வந்து உட்காரவேண்டியதுதான்.

எங்க ஊரு கிளியனூரைத் தாண்டி உள்ளே. பேரு வேணாம், அம்மா இன்னும் அங்கதான் இருக்குது. காலனிக்குப் போகணும்னா ஊர்த்தெரு வழியாத்தான் போயாகணும். அந்தத் தெருவுல எங்க ஜனங்க வண்டி மேல உட்கார்ந்து போகக்கூடாது, எறங்கித் தள்ளிக்கினு போகணும். எந்தச் சட்டத்துல இருக்குதுன்னு கேக்காதீங்க. அதே தெருவுல அத்தனை வீட்டுக்கும் வயரிங் பண்ணது எங்க அண்ணன்தான். ஃபேன் ஓடலைன்னா ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்க. அண்ணனும் வண்டியைத் தள்ளிக்கினு போயி, டீக்கடை ஓரமா ஸ்டாண்டு போட்டுட்டு வேலை பார்க்கும்.

வேலை முடிச்சு வந்து பார்த்தா வண்டி கீழே கிடக்கும். ஒரு வாட்டி ரெண்டு வாட்டி இல்லீங்க. எவன் காலாவது பட்டிருக்கும், எவன் மாடாவது உரசியிருக்கும். "தெரியாமப் பட்டுடுச்சு சவரி"ன்னு பெஞ்சுல உட்கார்ந்தபடியே சொல்லுவாங்க, ஒருத்தனும் எழுந்திரிக்கமாட்டான். அண்ணன் தூக்கி நிறுத்திட்டு, "நான்தாங்க இன்னும் ஓரமா வுட்டிருக்கணும்"னு சொல்லும். என்ன அநியாயம் பாருங்க, வண்டியைத் தள்ளிவிட்டவன்கிட்ட வண்டிக்காரன் மன்னிப்புக் கேக்கறது! மாதா ஸ்டிக்கர்ல பாதி முகம் தேய்ஞ்சே போச்சு.

அப்போ நான் திண்டிவனத்துல ஜவுளிக்கடையில சேல்ஸ் கேர்ள். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கற காலம் அது, தெரு நெடுகக் காயப்போட்டிருந்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு எறங்கி வர்றேன், டீக்கடை முன்னால ஒரே கும்பல். நடுவுல எங்க அண்ணன். காய் மேல ஏறிடக்கூடாதுன்னு ஓரமா ஒடிச்சுத் தள்ளிக்கினு வந்திருக்குது. பின்னால கட்டியிருந்த வயர் சுருள், ரைஸ்மில்லுக்காரரோட புது பைக் ஹேண்டில்பார்ல மாட்டி, அது சாய்ஞ்சிடுச்சு. சைடு கண்ணாடி போச்சு, வேற ஒண்ணும் ஆகலை. அண்ணன் உடனே தூக்கி நிறுத்தி, தன் சட்டையாலயே மண்ணைத் துடைச்சிருக்குது.

"தெரியாமப் பட்டுடுச்சுங்க. நாளைக்கே புதுக் கண்ணாடி மாட்டித் தந்துடறேங்க."

"இன்னாடா தெரியாம? உங்கிட்டயும் பைக் இருக்குதுன்னு காட்டறியா? உன் கண்ணாடி எவனுக்கு வேணும்? வுழுடா."

அண்ணன் ரைஸ்மில்லுக்காரர் காலைப் பார்த்துக் குனிஞ்சுது. அவர் காலை இழுத்துக்கினார்.

"எங்கால்ல இல்ல. நீ தள்ளுனது வண்டியத்தான? வண்டி கால்ல வுழு."

ஊர்த்தெரு நடுவுல, மல்லாட்டை மேல, அந்த பைக்கோட முன் டயருக்கு முன்னால எங்க அண்ணன் நெடுஞ்சாண்கிடையா விழுந்துச்சு. பெஞ்சுல எவனோ சிரிச்சான். எல்லாம் அண்ணன் வயரிங் பண்ணிக் குடுத்த வீட்டு ஆளுங்கதான். அந்தச் சிரிப்பை நினைச்சா இன்னிக்கும் எனக்கு வயிறு எரியுது. அவங்க நல்லா இருக்கட்டும்னு சொல்ற மனசு எனக்கு இல்லீங்க, அந்த மனசு இருக்கறவங்க சொல்லிக்கட்டும்.

மறுநாள் காலையிலேயே அண்ணன் தன் சிவப்பு வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு விழுப்புரத்துக்குப் பொழைக்கப் போயிடுச்சு. பின்னால நானும் கல்யாணம் ஆகி இங்கயே வந்துட்டேன்.

இப்போ அந்த டீக்கடை இல்லை, ரோட்டை அகலப்படுத்தறப்போ இடிச்சிட்டாங்க. ரைஸ்மில்லை மூடிட்டாங்க, அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்துட்டாரு. எங்க காலனிப் பசங்க அந்தத் தெருவுல சர்ருனு பறக்கறாங்க, கேக்க ஆளில்லை. அண்ணனும் நல்ல பைக் ஒண்ணு வெச்சிருக்குது. ஆனா ஊருக்குப் போனா அதை மெயின்ரோடு பொட்டிக்கடையிலேயே விட்டுட்டு நடந்துதான் உள்ளே போகும். "ஏண்ணே, இன்னும் எவனுக்குப் பயம்?"னு கேட்டா, "நடந்தா ஒடம்புக்கு நல்லதும்மா"ன்னு சொல்லும்.

அம்மாவும் இப்பல்லாம் சோறு போட்டு வைக்கறதில்லை. வாசல்ல செருப்புக் கழட்டற சத்தம் கேட்டாத்தான் அண்ணன் வந்ததே தெரியும்.