காத்தாட உட்காரும் இடம்

அந்தப் பலகைக்கு ஒரு பக்கம் சிவப்பு எழுத்து, மறுபக்கம் நீல எழுத்து. சிவப்பில் இருந்த சொற்களை எங்கள் நாளிதழில் தலைப்பாகப் போட்டவன் நான்.

இரண்டாயிரத்து ஒன்பது. பெங்களூரில் பன்றிக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே வேலைக்குப் போய் மாலையில் ஓசூர் திரும்புகிறவர்கள் ஏராளம். நோய் எல்லை தாண்ட ஒரு பேருந்துச் சீட்டு போதும். ஊரை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவர் தலைமை நர்ஸ். நாகரசம்பட்டிக்காரர். எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். பழைய சாமான்கள் கிடந்த பின்னறையை ஒழித்து, நான்கு கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட்டார். துருப்பிடித்த ஜன்னல்களைத் திறக்க வைத்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முதல் பெருக்குகிற அம்மாள் வரை எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, முகக்கவசத்தைப் போட்டுக் கழற்றச் சொன்னார். முன்பக்கத்தைத் தொட்டுக் கழற்றியவர்கள் வரிசையின் கடைசிக்குப் போனார்கள். மருத்துவ அலுவலரும் ஒரு முறை போனார்.

வாசலில் பலகை ஏறியது: ‘பன்றிக் காய்ச்சல் தனி வார்டு.’ படம் எடுத்தேன். மறுநாள் அதே சொற்கள் கொட்டை எழுத்தில் வந்தன. ஒரு சொல்கூடத் தவறில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

மூன்று நாள் ஒருவரும் வரவில்லை. ஊரில் நோயே இல்லை என்று எழுதலாமா என்று கேட்கப் போனேன். அப்போது கம்பெனிச் சீருடையில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருமியபடி வந்தாள். பலகையைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள். இந்தக் காய்ச்சல் கர்ப்பிணிகளைச் சாய்த்துவிடும், மாத்திரையைத் தாமதிக்கக் கூடாது என்பது பெரிய சிஸ்டருக்குத் தெரியும். பின்னாலேயே ஓடினார்.

“எனக்கு வெறும் காய்ச்சல்தாங்க சிஸ்டர்,” என்றாள் அவள். “பன்னிக் காய்ச்சல் ரூமுக்குப் போனேன்னு தெரிஞ்சா வீட்டுக்காரம்மா சாமானைத் தூக்கி ரோட்ல வச்சிரும். பேப்பர்லயே போட்டுட்டானுங்க.”

“இங்கயே நில்லும்மா. அஞ்சு நிமிசம். போயிராத.”

திரும்பி வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஸ்டூலில் ஏறிப் பலகையைக் கழற்றிக் கவிழ்த்தார். புண்ணுக்குப் போடும் நீல மருந்தில் பஞ்சை நனைத்து எழுதினார்: ‘இருமுறவங்க காத்தாட உட்காரும் இடம்.’ அடியில் ஓட்டுநர் தெலுங்கிலும் மருந்தாளுநர் கன்னடத்திலும் எழுதினார்கள்.

மருத்துவ அலுவலர் எட்டிப் பார்த்தார். “என்ன சிஸ்டர், இது கவர்மெண்ட் போர்டா, டீக்கடை போர்டா?”

“டீக்கடைக்குத்தான சார் ஜனம் கூச்சப்படாம வருது?”

அந்தப் பெண் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. உள்ளே ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சளி மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அன்றே மாத்திரை கொடுத்தார்கள். அது அதே காய்ச்சல்தான் என்று முடிவு வந்தபோது அவளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அந்த வாரமே பெஞ்சு நிறைந்தது.

போன மாதம் இருமலோடு அங்கே போனேன். பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கோணல் எழுத்தின் மேலேயே, கோணல் மாறாமல், யாரோ நீலப் பெயின்ட் ஓட்டியிருக்கிறார்கள். சிவப்புப் பக்கம் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. என் தலைப்பு வந்த நாளிதழ் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைத் திருப்பினால் பின்னால் ஜவுளிக்கடை விளம்பரம்தான்.

பலகைக்குக் கீழே போய்க் காத்தாட உட்கார்ந்தேன்.