தகவல் போதாது

எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு பேர் உள்பக்கம் பார்த்தும் நாலு பேர் வெளிப்பக்கம் பார்த்தும் இருக்கிறார்கள். வக்கீலுக்கு இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பவர் யார்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் வியாகுலமேரிக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வெளியே எவன் பார்ப்பான்? சாப்பாட்டை எப்படி எடுப்பான்? நோட்டில் வட்டம் போட்டு, எழுத்துகளைச் சுற்றிலும் எழுதி, அடித்து, மறுபடி வட்டம் போட்டு, கடைசியில் பக்கத்தையே கிழித்துப் போட்டாள். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

கடலூர் கோர்ட்டில் பொன்னுரங்கம் என்ற வக்கீலிடம் பதினாறு வருடமாக அவள் குமாஸ்தா. எந்தப் பிராது ரிட்டர்ன் ஆகும், எந்த நகல் மனுவுக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜூனியர்கள் வருவார்கள், இரண்டு வருடம் அவளிடம் வேலை கற்பார்கள், தனியாக போர்டு மாட்டிக்கொண்டு போவார்கள். கடைசியாக வந்த ஜூனியர் ஒரு நிலத் தகராறில் நான்கெல்லையைத் தப்பாக எழுதியிருந்தான். கிழக்கும் மேற்கும் மாறியிருக்கிறது என்று அவள் சுட்டிக்காட்டினாள். நீங்கள் டைப் அடித்தால் போதும் என்று அவன் சொல்லிவிட்டான். பிராது எட்டே நாளில் திரும்பி வந்தது. திருத்தி எழுதியது அவள்தான். கீழே கையெழுத்துப் போட்டது அவன்தான். அன்று சாயங்காலம் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், தான் சட்டம் படிக்கப் போவதாகப் புருஷனிடம் சொன்னாள்.

அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத்தான் இடம். மேரி தபால் வழியில் பி.காம். படித்தவள். ஒரு பிள்ளை இடுப்பிலும் ஒரு பிள்ளை வயிற்றிலுமாக எழுதிய பரீட்சைகள் அவை. இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டாள், இரண்டு வருடமும் பட்டியலில் பெயர் இல்லை. அப்புறம்தான் புதுச்சேரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி கண்ணில் பட்டது. வகுப்பு காலையில் மட்டும், மத்தியானம் ஆபீசுக்கு வந்துவிடலாம். ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு. நூறு கேள்வி. சட்டமும் ஆங்கிலமும் பொது அறிவும் சமாளித்துவிடலாம். முப்பது கேள்வி மட்டும் இந்த வட்ட மேசைச் சமாச்சாரம்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பூசையை முடித்துக்கொண்டு ரயிலேறிச் சிதம்பரம் போனாள். அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. நடத்துகிற இளமதிக்கு இருபத்தெட்டு வயது, கணக்கு படித்தவள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் நேற்றுப் பட்டம் வாங்கியவர்கள். முதல் நாள் மேரி உள்ளே நுழைந்ததும், யாரோ பிள்ளையைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து ஃபீஸ் விவர நோட்டீசை நீட்டினார்கள்.

முதல் மாதிரித் தேர்வில் முப்பதுக்கு ஏழு வாங்கினாள். இளமதி விடைத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, பதினேழு கேள்விக்கு 'தகவல் போதாது'ன்னு போட்டிருக்கீங்க."

"போதலயே மிஸ். இந்த ஆளு பொய் சொல்றானா இல்லையான்னு எதிர்த் தரப்ப விசாரிக்காம எப்படி முடிவு பண்றது?"

"இங்க எதிர்த் தரப்பே கெடையாதுக்கா. அவுங்க குடுத்தது எல்லாம் உண்மைன்னு எடுத்துக்கணும்."

அங்கேதான் மேரிக்கு இடித்தது. 'கிராமத்தில் உள்ள எல்லா நில உரிமையாளர்களும் வரி கட்டுகிறார்கள்' என்று கேள்வி ஆரம்பித்தால் அவளால் அடுத்த வரிக்குப் போக முடியாது. எந்தக் கிராமத்தில்? பட்டா யார் பேரில்? பதினாறு வருடத்தில் முழுத் தகவலோடு அந்த ஆபீஸ் படியேறிய கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரும் பாதியை மறைத்தார்கள், மீதியை மறந்தார்கள். சொன்னதை அப்படியே நம்பு என்றால் அவள் எங்கே போவாள்?

வீட்டில் இதைவிடக் கொடுமை. புருஷன் மரிய அருள் பத்தாவதோடு நிறுத்தியவர். பஸ் டெப்போவில் டூட்டி சார்ட் போடுகிற வேலை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அவள் நோட்டை எட்டிப் பார்த்தார். ஆறு பேருக்கு மூன்று ஷிஃப்ட், இவர் அவரோடு வரமாட்டார், அவர் வந்தால் இன்னொருவர் வரக் கூடாது என்று ஒரு கேள்வி. மேரி அதோடு முக்கால் மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ரசத்தைப் பிசைந்தபடியே விடையைச் சொன்னார். பயிற்சிப் புத்தகத்தின் பின்னால் விடையைத் திருப்பிப் பார்த்தாள், சரியாக இருந்தது.

"இதுல என்னா இருக்கு? தெனம் நான் போடுறதுதான். ரெண்டு டிரைவருக்கு ஆவாது, ஒரு கண்டக்டரு வெள்ளிக்கெழம வரமாட்டான். ஆவாதத மொதல்ல ஒதுக்கு. மிச்சம் தானா உக்காந்துக்கும்."

நல்ல யோசனைதான். ஆனால் அதை அவர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சொன்னதால், அன்று முழுக்க மேரி அவரோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து அந்த மாதிரியே போட ஆரம்பித்தாள். அவரிடம் சொல்லவில்லை.

ஏழு பன்னிரண்டானது, பன்னிரண்டு பத்தொன்பதானது. இளமதி அவளுக்குத் தனியாக ஒரு விதியே வைத்தாள். 'தகவல் போதாது' பக்கம் கை போனால் எடுத்துவிட வேண்டும், கேள்வி எழுதியவர் ஒரு விடையை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார், அதைத் தேட வேண்டும். மேரி அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதாத குறையாக மனப்பாடம் செய்துகொண்டு மே மாதம் பரீட்சைக்குப் போனாள்.

பரீட்சை கம்ப்யூட்டரில். எழுபத்து நாலாவது கேள்வி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. எழுபத்தைந்தாவது ஒரு வழக்கைப் பற்றியது. ஐந்து சாட்சிகள், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒருவராக வருகிறார்கள். பதினாறு வருடத்தில் ஐந்து சாட்சிகள் ஐந்து நாள் தொடர்ந்து வந்ததே கிடையாது என்று உள்ளுக்குள் எழுந்த குரலை அடக்கிக்கொண்டு மேலே படித்தாள். டாக்டர் வந்த மறுநாளே நர்ஸ் வருகிறார். போலீஸ்காரர் புதன்கிழமை. டிரைவர் வெள்ளிக்கிழமை வரமாட்டார். அப்படியானால் கடைக்காரர் வருவது எந்த நாள்?

டாக்டர் திங்கள், நர்ஸ் செவ்வாய் என்று போட்டால் டிரைவர் வியாழன், கடைக்காரர் வெள்ளி. ஆனால் டாக்டரும் நர்ஸும் வியாழன், வெள்ளியிலும் வரலாமே? அப்போது கடைக்காரருக்குத் திங்களோ செவ்வாயோதான் கிடைக்கும். மூன்று நாளும் சாத்தியம். நாலாவது விடையாக 'தகவல் போதாது' இருந்தது. அதை அழுத்தினாள். அழுத்திய கையோடு இளமதியின் முகம் ஞாபகம் வந்தது. உன் புத்தி உன்னை விட்டுப் போகவில்லை பார், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கேள்வி எழுதியவர் மனதில் இருப்பது வெள்ளிதான், அது பச்சையாகத் தெரிந்தது. விடையை வெள்ளி என்று மாற்றிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

பத்து நாள் கழித்துக் கல்லூரி தற்காலிக விடைகளை வெளியிட்டது. எழுபத்தைந்துக்கு வெள்ளி என்றே இருந்தது. கூட்டிப் பார்த்தால் அறுபத்து நாலு மார்க், இடம் கிடைக்கிற மாதிரித்தான் தெரிந்தது. ஆட்சேபம் இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதலாம் என்று கீழே ஒரு வரி.

அந்த ஒரு வரி அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு தாளில் ஐந்து சாட்சிகளையும் இரண்டு விதமாக வரிசைப்படுத்தி மரிய அருளிடம் நீட்டினாள். அவர் பார்த்த மாத்திரத்தில், ரெண்டு மாதிரியும் டூட்டி போடலாம் என்றார். அவள் ஆட்சேபம் எழுதப் போவதாகச் சொன்னதும் தாளைக் கீழே வைத்தார்.

"உனக்குத்தான மார்க்கு வந்திருக்கு?"

"ஆமா."

"அப்புறம் உனக்கு எதுக்கு?"

"தப்பா எழுதினதுக்கு மார்க்கு குடுத்திருக்காங்க. நான் சரியாத்தான் மொதல்ல போட்டேன். இவுங்க எழுதுன லட்சணத்துக்கு நான் மாத்திப்புட்டேன்."

இளமதிக்கு போன் போட்டாள். இளமதி கேள்வியை எழுதி வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப அழைத்தாள். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, நீங்க சொல்றது சரிதான். ஆனா அனுப்பாதீங்க."

மேரி அனுப்பினாள். நியாயத்துக்காக என்று அவள் பின்னாலும் சொல்லிக்கொண்டதில்லை. ஆத்திரத்தில் அனுப்பினாள். கிழக்கும் மேற்கும் மாறிய பிராதைப் பார்த்தபோது வந்த அதே ஆத்திரம். இரண்டு வரிசையையும் கட்டம் போட்டுக் காட்டி, பாரா எண் கொடுத்து, ஒரே பக்கத்தில் முடித்தாள். பொன்னுரங்கம் ஆபீசிலிருந்து போன எந்த மனுவும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஆட்சேபம் ஏற்கப்பட்டது. இறுதி விடைகளில் எழுபத்தைந்துக்கு 'தகவல் போதாது' என்று திருத்தியிருந்தார்கள். அவளுக்கு ஒரு மார்க் போனது, தப்பான விடைக்காகக் கால் மார்க் கூடவே போனது. 'போதாது' என்று எழுதியவர்கள் எல்லோரும் மேலே ஏறினார்கள். இடம் அறுபது, அவள் எழுபத்தொன்று. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாவது ஆளோடு கல்லூரி நிறுத்திக்கொண்டது. அவள் பதினொன்றாவது.

மரிய அருள் தண்ணீர் வேண்டுமா, மின்விசிறி போடவா என்று மரியாதையாகப் பேசினார். அதற்குத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "எதிர்க்கட்சிக்கு வாதாடி ஜெயிச்சிட்டு வந்திருக்குது நம்ம மேரி" என்று பார்க்கிற வக்கீலிடம் எல்லாம் சொன்னார். ஒரு வாரம் கோர்ட் வளாகத்தில் அவளைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. அதோடு முடியவில்லை. கூடப் படித்த மங்கலம்பேட்டைக் கதிரவன் போன் செய்தான். அவன் எழுபத்தைந்துக்கு ஒன்றும் புரியாமல் 'போதாது' என்று அழுத்தினவன். கடைசி இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. உங்களால்தான் அக்கா எனக்கு சீட்டு என்று அவன் தழுதழுத்தான். நன்றாகப் படி என்று சொல்லி போனை வைத்தாள். அன்று அவள் பாத்திரம் கழுவிய சத்தம் தெருக்கோடிக்குக் கேட்டது.

ஒரு மாதம் நோட்டைத் தொடவில்லை. அடுத்த ஞாயிறாவது வகுப்புக்கு வாருங்கள் என்று இளமதி செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே ரயிலேறிக் கடலூர் வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, காப்பியைக் கையில் வாங்கியதும், தப்பு தன் பேரில்தான் என்றாள். மேரிக்குச் சந்தேகப்படுகிற புத்தி இருக்கிறது, அதை மறைக்கச் சொல்லிக் கொடுத்ததற்குப் பதிலாக, எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்றாள். இதைக் கேட்டு மேரிக்கு ஆறுதல் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதைப் போன வருடமே சொல்லியிருக்கலாமே என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள். இளமதி பையிலிருந்து புதுக் கேள்வித்தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாடு வரை அதன் மேல் சண்டை போட்டார்கள்.

அடுத்த மே மாதம் மறுபடி எழுதினாள். ஒரு கேள்விக்கு ஒரு வரிசை கிடைத்ததும் நிறுத்தாமல் இரண்டாவது வரிசை உண்டா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் அழுத்தினாள். இரண்டு கேள்விக்கு நேரம் போதவில்லை, விட்டுவிட்டாள். வெளியே வந்தபோது தலை விண்ணென்று வலித்தது. பரீட்சை வைக்கிறவர்களைப் பற்றி வழி நெடுகத் திட்டிக்கொண்டுதான் வந்தாள். ரேங்க் முப்பத்து நாலு.

வகுப்பு ஆரம்பிக்கிற நாள் விடியற்காலையில் அவள் புதுப்பையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழு பத்து பஸ்ஸில் போனால் நேரம் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மரிய அருள் டெப்போவுக்குக் கிளம்பிச் சட்டையை மாட்டியவர், வாசலில் நின்று திரும்பினார்.

"ஏழு பத்த நம்பாத. அந்த டிரைவரு இன்னிக்கி லீவு, மாத்து ஆளு இன்னும் போடல. ஆறு அம்பதுல போ."

இதை நேற்று ராத்திரியே சொல்வதற்கென்ன என்று அவள் கத்தினாள். டிபன் டப்பாவை அவசரமாக மூடி, பாதி பின்னிய சடையோடு, ஆறு ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.