குமிழ் சுற்றவில்லை

துக்க வீட்டில் வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு வராது. பயம் வந்தால் நக்கல் பேசுவேன். நக்கலுக்கு இடமில்லையென்றால் வாக்குக் கொடுத்துவிடுவேன். என் கூட்டாளியைப் புதைத்த மூன்றாம் நாள் அப்படித்தான் கொடுத்தேன்.

ஏரியும் கடலும் முட்டிக்கொள்கிற முகத்துவாரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். இவன் மறுநாள்தான் கிடைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அவன் பெண்சாதியிடம் இருந்தது ஆதார் அட்டை ஒன்றுதான்.

“அத்த பெருசு பண்ணி எட்தாந்தாங்கண்ணா. களவாணி மாதிரி கீறாரு,” என்றாள்.

ஆளுக்கொரு போன் இருக்கிற காலத்தில் ஒருவனுக்குப் படமில்லாமல் போகுமா? இவனுக்குப் போனது. சின்ன வயதில் கெளுத்தி முள் ஏறி இடது இமை தொங்கிவிட்டது. யாராவது போனைத் தூக்கினால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வான். மீறி எடுத்தால் போனைப் பிடுங்கிப் பார்த்து, அழித்துவிட்டுத்தான் திருப்பித் தருவான். ஆதார் ஆபீசில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை.

“என்னாண்ட கீதும்மா,” என்றேன். “நேரா பாத்து சிரிக்கிறான். என் பழைய கேமராவுல எடுத்தது.”

அதுவரை அழாமல் இருந்தவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

என் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குப்பத்தில் மீனுக்குப் போடுகிற ஐஸ் விற்கும் கடை வைத்திருப்பவன். கேமரா ரஷ்யாவில் செய்தது, என்னைவிட இரண்டு வயது மூத்தது, என்னைவிட ஒழுங்காக வேலை செய்வது. அதில் மாட்டியிருக்கும் லென்ஸின் வளையத்தைத் திருப்பினால் நல்லெண்ணெய் விட்ட கீல் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். ஏரிக்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமென்று, வாரம் ஒருமுறை அதைத் துணியில் கிடத்தி வெயில் காட்டுவேன். ஃபிலிம் ரோல்களை ஐஸ் பெட்டியில் இறால்களுக்கு மேலே அடுக்குவேன்.

“பெத்த புள்ளைக்கு ஒருநாள் எண்ணெ தேச்சு வுட்டதில்ல. இந்தக் குருட்டுக் கண்ணாடிக்கு வெயிலு காட்டுது பாரு, ஜென்மம்,” என்பாள் என் மனைவி.

என்னைப் போன்ற ஜென்மங்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ஒருவர் பழைய லென்ஸ் வாங்கினால் மற்ற முப்பத்தொன்பது பேரும் சீமந்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி வாழ்த்துவோம்.

அந்தப் படத்தை எடுத்தது அவன் சாவதற்கு ஒரு மாதம் முன்னால். முழங்கால் தண்ணீரில் படகைக் கட்டிவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் படகு விளிம்பில் உட்கார்ந்து புது ரோலைப் போட்டேன்.

“இத்துல எடுத்தா உடனே தெரியாதுல்ல மாமே?”

“கழுவித்தான் பாக்கணும். ஒரு மாசம் ஆவும்.”

“அப்ப எடு. நீ கழுவுறதுக்குள்ள நான் கெயவனாயிடுவேன். சீக்கிரம், வெயிலு ஏறுது.”

கேமராவுக்குள் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். தூரம் சரியில்லையென்றால் அந்த வட்டத்துக்குள் முகம் குறுக்கே வெட்டுப்பட்டு, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நகர்ந்துவந்து ஒட்டும். அவன் முகம் ஒட்டுகிற நேரத்தில் நேராகத் திரும்பினான். தொங்கிய இமையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அமுக்கினேன்.

“புடிச்சிட்டியா?”

“புடிச்சிட்டேன்டா.”

துக்க வீட்டிலிருந்து வந்ததும் கேமராவை எடுத்தேன். முப்பத்தாறில் நான்கு மிச்சம். ரோலை முடித்துக் கழுவிவிடலாமென்று ஐஸ் கடைச் சுவரை நான்கு தடவை எடுத்தேன். ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்தேன்; ரோல் தீர்ந்தால் அது வரக்கூடாது, வந்தது. முப்பத்தேழு. சில ரோலில் ஒன்று கூடுதலாக வரும். முப்பத்தெட்டு. தாராள மனசுக் கம்பெனி என்று சொல்லிக்கொண்டேன். நாற்பதிலும் லீவர் வந்தபோது இழுப்பதை நிறுத்தினேன்.

இந்தக் கேமராக்காரர்களின் அரிச்சுவடி ஒன்று உண்டு. ஃபிலிமின் முனையில் நீளும் நாக்கை எதிர்ப்பக்கச் சுருளில் சொருகி மூடியதும் லீவரை இழுக்க வேண்டும். இடது பக்கத்துக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் நழுவிவிட்டது. எண் ஓடும், சத்தம் கேட்கும், உள்ளே ஒன்றும் நகராது. எங்கள் குழுவில் ஒரு பல் டாக்டர் தன் மகளின் கல்யாணத்தையே இப்படி வெறும் பெட்டியில் எடுத்தார். அதிகமாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பியவன் நான். ‘டாக்டர், குமிழைப் பார்க்காமல் பல்லைப் பார்த்தீர்களா’ என்று வேறு எழுதினேன்.

படகில் நான் குமிழைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கேமராவோடு இரண்டு கைகளையும் விட்டுத் திறந்தேன். சுருளில் ஒன்றுமில்லை. நாக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ரோல் போட்டது போட்டபடி இருந்தது. அப்போதும் நான் அதைக் கழுவினேன். தெரிந்தும் கழுவினேன். மருந்துத் தண்ணீர் சூடாக இருந்தது, இரண்டு கட்டி ஐஸ் போட்டுக் குளிரவைத்தேன். விதிமுறை ஒன்று தவறாமல் நிமிடம் பார்த்துக் குலுக்கினேன். பிணத்துக்குக் காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி.

ஃபிலிம் கண்ணாடியாக வெளியே வந்தது. ஓரத்தில் கம்பெனி அச்சடித்த எண்கள் மட்டும் ஒன்று முதல் முப்பத்தாறு வரை வரிசையாக நின்றன, ஆள் குடிவராத வீடுகளின் கதவு எண்கள் மாதிரி. நாக்கு மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. வெயிலில் சொருகும்போதே கருகிய நாக்கு. ஒரு மாதம் நான் எடுத்தது எல்லாம் அதன் மேல்தான் விழுந்திருக்க வேண்டும். அவன் சிரிப்பு, அதன் மேல் நாரை, அதன் மேல் படகு, அதன் மேல் என் ஐஸ் கடைச் சுவர்.

அடுத்த எட்டு நாளும் பொய் சொன்னேன். மருந்து வரவில்லை, காயவில்லை, பெரிதாக்கக் கொடுத்திருக்கிறேன். அவள் வீட்டுத் தெருவைத் தவிர்க்க ஏரிக்கரையோரம் சேற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு போனேன். நாற்பத்தெட்டு வயது ஆள், நண்டுக்குப் பயந்தவன் மாதிரி.

பன்னிரண்டாம் நாள் காலை போய் உட்கார்ந்து ஃபிலிமைக் கையில் கொடுத்தேன். அவள் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பொறுமையாகத் தேடினாள்.

“இதுல எங்கண்ணா கீறாரு?”

சொன்னேன். நாக்கு, சுருள், குமிழ், எல்லாம். பாதியில் ஏதோ நக்கல் கூட வாய்வரை வந்தது. அவள் அந்தக் கறுப்பு நுனியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கறுப்புலயா?”

“தெரியாதும்மா. தெரியாது.”

“நேரா பாத்தாருன்னியே.”

“ஆமா.”

“அந்தக் கண்ணும் தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிது.”

“பதினெட்டு வருஷம் குடும்பம் பண்ணேன். எனக்கு ஒத்தப் பக்கம் தான் காட்டினாரு, படுக்கும்போது கூட.” குரல் ஏறவேயில்லை. “உனுக்கு முழுசா காட்டிக்கீறாரு. நீ வெறும் பொட்டியக் காட்டி ஏமாத்திக்கீற.”

எழுந்து உள்ளே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். ஆதார் அட்டையோடு திரும்பி வந்து, அதைத் தரையில் வைத்தாள்.

“ஒன் போன எடு. அத்துல இந்தப் படத்தப் புடி. மொதல்ல எடுத்தாந்தது கலங்கலா கீது.”

குனிந்து எடுத்தேன். மூன்று தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் போனை என் கையிலிருந்து பிடுங்கி, இரண்டு விரலால் விரித்து, அந்தத் தொங்கிய கண் தெரிகிறதா என்று அவளே பார்த்தாள்.