யார் சொன்ன ‘சேஃப்’?

பட்டனைத் தட்டினாள். கண் இமைப்பதற்குள் பச்சை எழுத்தில் பதில்: ‘சேஃப்’.

“எப்படிங்க?” என்று பெருமையாகத் திரும்பினாள் ரேவதி. என் மனைவி. பெங்களூர் கம்பெனிக்கு ராபர்ட்சன்பேட்டை வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். போன வியாழக்கிழமை காலை நடந்தது இது.

எனக்கு உறுத்தியது.

விஷயம் இதுதான். பங்காருபேட்டை ரோட்டில் அவள் கம்பெனியின் கஸ்டமரான ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே கிரேன் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட, கணித சாஃப்ட்வேரில் ஒரு ஃபைல் இருக்கிறது. அதைத் திறந்து ஓட்ட அங்கே யாருக்கும் தெரியாது. அதனால் ரேவதி வெளியே ஒரு சின்ன புரோகிராம் செய்தாள். எடையை டைப் பண்ணி பட்டனைத் தட்டினால், அது உள்ளே போய் அந்த ஃபைலை ஓட்டி, பதிலை வாங்கிவந்து காட்டும். முந்தின நாளே அதையும், அது சொன்ன ‘சேஃப்’ பதிலையும் அனுப்பியும் விட்டாள். அதை நம்பித்தான் அன்றைக்கு ஒரு பெரிய ஃப்ரேமைத் தூக்கப்போகிறார்கள். பக்கத்தில் நின்று சங்கிலி மாட்டப்போகிறவர்? அவளுடைய சொந்த அண்ணன்!

“அந்த ஃபைலைத் தனியா ஓட்டுனா டீ ஆறிப்போற வரைக்கும் யோசிக்குமே ரேவதி. இப்ப இன்னா, உடனே சொல்லிடுச்சு?”

“உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? வேகமா வந்தா நல்லதுதானே?”

நல்லதுதான்... பதில் சொல்கிறவர் சரியான ஆளாக இருந்தால்.

எடைக்கான கட்டத்தில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டேன். பேத்தமங்களா ஏரியையே கட்டித் தொங்கவிடுகிற அளவுக்கு! தட்டினேன். பச்சை. ‘சேஃப்’.

ரேவதியின் முகம் மாறிவிட்டது.

இங்கே கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் கீழிருந்து மணிச் சத்தம் வந்தால், மேலே இருப்பவர் அதை அப்படியே திருப்பி அடிப்பாராம். கேட்டது சரியா என்று தெரிந்த பிறகுதான் ஆட்கள் ஏறிய ‘கேஜ்’ கூண்டு நகரும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை இது. “உன் ஃபைலையும் மணி அடிக்கச் சொல்லேன்” என்றேன். தனக்கு வந்த எடையைத் திருப்பிச் சொல்லும்படி ஃபைலில் ஒரு வரி சேர்த்தாள். மறுபடி பட்டன். எடை திரும்பி வரவேயில்லை. வெறும் பச்சை மட்டும்!

அப்படியென்றால் பதில் சொல்வது வேறு யாரோ...

ஆள் அகப்பட்டான். ஆரம்பத்தில், புரோகிராமும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்கின்றனவா என்று பார்க்க ஒரு டம்மி ஃபைல் செய்திருக்கிறாள். நிஜ ஃபைலுக்கு இருக்கும் அதே பெயர். எதைக் கேட்டாலும் ‘சேஃப்’ என்று மட்டும் சொல்லும். அது புரோகிராமின் ஃபோல்டரிலேயே தங்கிவிட்டது. சாஃப்ட்வேரோ முதலில் கண்ணில் பட்டதை ஓட்டிவிட்டது.

டம்மியை அழித்து, உண்மையான எடையைப் போட்டு ஓட்டினாள். இந்தத் தடவை நேரம் எடுத்தது. எடை திரும்பி வந்தது. கூடவே சிவப்பு.

கம்பெனிக்கு அப்புறம்தான் சொன்னாள். முதல் போன் அண்ணனுக்கு.

“அண்ணா, ஃப்ரேமைத் தூக்க வேணாம். அங்கேர்ந்து நகரு!”

“இன்னாம்மா, நேத்து நீதானே சேஃப்னு அனுப்புன?”

“தப்புண்ணா. என் தப்பு. நகரு மொதல்ல!”

“சரி சரி, எல்லாரும் வெளிய வந்துட்டோம்.”

நான் மூச்சு விட்டேன். ரேவதி விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “வீடியோ கால் போடுண்ணா. நான் பாக்கணும்.”

சந்தேகம் தொற்றுவியாதிதான் போலிருக்கிறது... பரவட்டும்!