அதே பக்கத்தில் திறந்த லிங்க்

என் அக்கா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பதினாறு வருடமாக நிற்கிறாள். வேலை செய்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது. கடை மூடி, ஊரிகத்தில் சுரங்கக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு வரும்போது இரண்டு முட்டியும் வீங்கியிருக்கும். நான் அவள் வீட்டுக்கு இரண்டு லைன் தள்ளிக் குடியிருக்கிறேன். விடிகாலை ரயிலில் பெங்களூரு போய், ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் செய்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்புகிறேன்.

போன வருடம் ஒரு பள்ளிக்கு, வேலை விண்ணப்பம் போடுவதற்கான பக்கத்தைச் செய்துகொடுத்தோம். எல்லாவற்றையும் நிரப்பியதும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பும். பாப்அப். ‘விதிகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்று அதில் டிக் போட வேண்டும். ‘விதிகள்’ என்ற சொல்லைத் தொட்டால் அந்த லிங்க் விதிகளைத் திறந்து காட்டும். அது புது டேபில், தனிப் பக்கமாக, திறக்க வேண்டும். அப்போதுதான் படித்துவிட்டுத் திரும்பும்போது நிரப்பியது அப்படியே இருக்கும். நான் எழுதியது அதே பக்கத்தில் திறந்தது. திரும்பி வந்தால் எல்லாக் கட்டமும் காலி.

பக்கம் நடப்புக்கு வந்த பிறகுதான், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சோதித்துப் பார்க்கும் பெண் இதைக் கண்டுபிடித்தாள். என் மேசைக்கே வந்து சொன்னாள். இரண்டு நிமிட வேலை. எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

“விதியெல்லாம் யாரு படிக்கப் போறாங்க? திங்கக்கிழமை பாத்துக்கலாம்” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூதிகோட்டையில் கணவர் வீட்டு உறவில் ஒரு காதுகுத்து. திரும்பும்போது அங்கே கொடுத்த பலகாரத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று நுழைந்தேன். கட்டில் முழுக்கச் சான்றிதழ்களைப் பரப்பிவைத்து நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

“இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“ஒண்ணுமில்லடி. ஸ்கூல் லைப்ரரில ஒரு வேலை. உக்காந்து செய்யற வேலை. கெடச்சப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.”

“அப்ளை பண்ணிட்டியா?”

“எங்க? ரெண்டு வாட்டி ஃபுல்லா அடிச்சேன், ரெண்டு வாட்டியும் அழிஞ்சி பூட்சி. மூணாவது வாட்டி பாதி அடிக்கறதுக்குள்ள அஞ்சு மணியாயிடுச்சி. இன்னிக்குத்தான் கடைசி நாளு. மூடிட்டாங்க.”

போனை வாங்கிப் பார்த்தேன். பள்ளியின் பக்கத்துக்கு நான் தேர்ந்தெடுத்த அந்த நீல நிறம். ‘விண்ணப்பிக்கும் காலம் முடிந்தது’ என்ற வரி.

“நடுவுல ஒரு பெட்டி வந்துச்சே, அப்ப நீ இன்னா பண்ண?”

“விதிய படிச்சேன்னு ஒத்துக்கச் சொல்லிச்சி. படிக்காம எப்டி டிக் போடறது? அதான் தொட்டேன். நான்தான் எதையோ தப்பா தொட்டுட்டேன் போல.”

நாற்பது வயதுக்கு மேல் அந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. பலகாரப் பையை அப்படியே வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் போய் முதலில் அந்த லிங்கைச் சரிசெய்தேன். மூடிக்கிடந்த விண்ணப்பத்தில் அது ஒழுங்காகப் புது டேபில் திறந்தது. மேலதிகாரியிடம் போய், இந்தத் தவறால் சிலர் விண்ணப்பிக்க முடியாமல் போயிருக்கலாம், பள்ளியிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்கலாமா என்றேன். யாராவது புகார் செய்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் என்ன என்றார். என் அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. படிக்காமல் டிக் போட்டவர்கள் எல்லோருடைய விண்ணப்பமும் போய்ச் சேர்ந்திருந்தது. யாரும் படிக்க மாட்டார்கள் என்று நான் சொன்னது ஏறக்குறைய சரிதான்.

அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் நான் செய்தது, வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும், ரயிலுக்காக விட்டுவிட்டுப் போனேன், அவள் எதையும் தப்பாகத் தொடவில்லை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“இப்ப மறுபடி போட முடியுமா?”

“முடியாதுக்கா. வயசு தாண்டிப் பூட்சி.”

“ஆளு எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

“அப்ப எதுக்குடி சொல்ற? நான் தப்பா தொட்டுட்டேன்னு நெனச்சிகினே இருந்திருப்பேன். அது ஒண்ணும் எனக்குக் கஷ்டமா இல்ல.”

தைல பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் கடைக்குக் கட்ட வேண்டிய புடவையைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். போகிறேன் என்றேன். தலையாட்டினாள்.

இப்போதும் பேசிக்கொள்கிறோம். குழம்பு கொடுத்தனுப்புகிறாள். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.